சொன்ன நாளில் திரும்பி வந்தவன்

மாத்தளையில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் பழைய ஆட்களிடம் கேட்டால் என்னை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: "இத்தாலிக்குப் போயிட்டுத் திரும்பி வந்தானே, அவன்." சொல்லும்போது வாயோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் பழகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது, நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நாலு வயது. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்வாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு நாள் பூசை முடிந்ததும் பங்குத் தந்தை என்னைக் கூப்பிட்டார். இத்தாலியின் வடக்கே ஒரு சிறிய ஊரில், உடல் இயலாதவர்களுக்காகக் கன்னியாஸ்திரிகள் ஒரு விடுதி நடத்துகிறார்கள். கோடைகாலத்தில் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து மூன்று வாரம் தங்கி உதவி செய்வார்கள். அந்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம் என்று கேட்டிருந்தார்களாம்.

"கலேவெல பக்கத்துல இருந்து ஒரு சிங்களப் பொடியன் போறான். இங்கருந்து நீ போ," என்றார். "மூணே வாரம். நல்லாப் பிரயோசனப்படுத்திக்க. வந்து நம்ம புள்ளைகளுக்கு நாலு விசயம் சொல்லிக் குடுக்கலாம். ஒங்க ரெண்டு பேருக்கும் நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

அந்தப் 'பிரயோசனம்' என்ற சொல் அடுத்த ஒரு மாதம் என்னைத் துரத்தியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் வேறு அர்த்தத்தில். "இந்த மாதிரி சான்ஸு எல்லாருக்கும் வராது தம்பி, பிரயோசனப்படுத்திக்கிருங்க. இங்க வந்து என்னத்தக் காணப் போறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் திரும்பி வரமாட்டேன் என்பது யாருக்கும் சந்தேகமில்லாத விஷயமாக இருந்தது.

அம்மாவுக்கும்தான். ஆனால் அவள் காரணம் வேறு. அதற்கு முந்தின வருடம் தம்புள்ளைச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்த ராணுவத்தார், தமிழன் என்று என்னை மட்டும் இறக்கிக்கொண்டார்கள். இரண்டு இரவு உள்ளே வைத்திருந்துவிட்டு, தோட்டத்தில் விசாரித்த பிறகு அனுப்பினார்கள். பெரிதாக அடிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு இரவும் நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து நான் டவுனுக்குப் போனாலே வாசலில் வந்து நிற்பாள். ஃபாதர் சொன்ன செய்தியை நான் வந்து சொன்னதும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை.

மிலானில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார். அவருக்குப் போன் பண்ணி, கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னை வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு செய்தாள். மிளகாய் வறுத்து இடித்து, பெரிய பால்மா டின் நிறைய அடைத்தாள். பஸ் ஸ்டாண்டில் பழைய துணி குவித்து விற்கிற இடத்தில் தேடிப்பிடித்து, கம்பளி போட்ட கனமான கோட்டு ஒன்று வாங்கி வந்தாள்.

"அங்க இப்ப வெயில் காலமாம்மா. ஃபாதர் சொன்னாரு."

"மார்கழி வராமலா போயிரும்?" என்றாள்.

கிளம்புகிற அன்று அப்பாவின் குழிக்குக் கூட்டிப்போய், கும்பிட்டுக்கொள்ளச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. மாமாவோடு போவதென்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஃபாதர் எழுதிக் கொடுத்ததை நினைத்தால் மனம் உறுத்தியது. ஆனால் தம்புள்ளைச் சந்தியை நினைத்தால் அது அடங்கிவிடும்.

கலேவெலப் பொடியனை விமான நிலையத்தில்தான் முதன்முதலில் பார்த்தேன். வெங்காயமும் நெல்லும் போடுகிற குடும்பம். அண்ணன் ஆமியில் இருந்து ஒரு காலைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தான். இவனும் சேரப் போகிறேன் என்று சொல்ல, தாய் தலையில் அடித்துக்கொண்டு தடுத்திருக்கிறாள். இதையெல்லாம் விமானத்தில் சாப்பாடு வருவதற்குள் சொல்லிவிட்டான். கலகலப்பான ஆள். நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டோம். அவனும் என்னை மச்சான் என்றான், நானும் அவனை மச்சான் என்றேன்.

விடுதியில் எங்களுக்கு அறை காட்டிய சிஸ்டர் ஒருவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அத்தனை தூரத்தில் தமிழ் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியிலிருந்து சாமான்களை எடுத்து அலமாரியில் வைக்க அவரே உதவினார். பால்மா டின்னைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"மூணு வாரத்துக்கு இவ்ளோ மிளகாப்பொடியா? அம்மா குடுத்து விட்டாங்களா?"

அடுத்து அவர் கைக்கு வந்தது கோட்டு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சிஸ்டர் கோட்டை ஒரு கணம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மடித்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை கடினமானதுதான், ஆனால் பிடித்திருந்தது. படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது. எனக்கென்று ஒரு கிழவரை ஒதுக்கினார்கள். கழுத்துக்குக் கீழே அசைவு கிடையாது, பேச்சும் இல்லை. தினமும் காலையில் அவருக்கு முகம் மழிக்க வேண்டும். முதல் நாள் கத்தி வழுக்கித் தாடையில் கீறிவிட்டேன். இரத்தம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர முகத்தைத் திருப்பவில்லை. நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. நான் கிண்ணத்தை எடுத்தாலே தாடையைத் தூக்கிக் காட்டுவார்.

இரண்டாவது வாரம் ஏரிக்கரையில் நாற்காலிகளை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கலேவெலப் பொடியன் பூச்சி கடித்ததைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"நீ எப்ப மச்சான்?"

புரியாதவன் மாதிரி நடிக்கப் பார்த்தேன். அவன் சிரித்தான். "கடைசி ஞாயிறு," என்றேன்.

"அவ்வளவு நாள் பொறுக்க என்னால ஏலாது," என்றான்.

மறுநாள் காலை அவன் கட்டில் காலியாக இருந்தது. போர்வையை ஒழுங்காக மடித்து வைத்திருந்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் என் கோட்டும் இல்லை.

அன்று முழுக்க விடுதியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போலந்திலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சாயந்தரம் நாகர்கோவில் சிஸ்டர் அறைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"தம்பி, ஒன் பாஸ்போர்ட்ட எங்க தலைமை மதர் வாங்கி வைக்கச் சொன்னாங்க. எல்லார்கிட்டயும் வாங்குறோம்னு சொல்லச் சொன்னாங்க. நான் எதுக்குப் பொய் சொல்லணும்? ஒங்கிட்ட மட்டும்தான் வாங்குறோம்."

எடுத்துக் கொடுத்தேன். அவர் கண் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது.

"கோட்ட நீ குடுத்தியா?"

"இல்ல சிஸ்டர். அவனே எடுத்துட்டுப் போயிட்டான்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார். இதையே இத்தாலிய மொழியில் யாராவது சொல்லியிருந்தால் பாதி புரியாமலாவது போயிருக்கும். என் பாஷையில், என் அம்மா வயதுப் பெண் ஒருத்தி சொன்னதால் ஒரு சொல் தப்பாமல் உள்ளே இறங்கியது. அவர் சந்தேகப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது. காரணமில்லாமல் சந்தேகப்பட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

அதன்பிறகு மாடு மாதிரி வேலை செய்தேன். மற்றவர்கள் குளிக்கப் போனபோதும் கழிவறைகளைத் தேய்த்தேன். சிஸ்டர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தேய்த்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பட்டணம் சுற்றிப் பார்க்க அழைத்துப்போக ஏற்பாடு. புறப்படும் முன்னால் சிஸ்டர் என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "வெளிய போறப்ப கையில இருக்கணும். இங்க சட்டம் அப்பிடி," என்றார். போயிட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை.

போனில் பேசி வைத்திருந்தபடி, பெரிய கோயிலின் முன்னால் இருந்த மைதானத்தில் மாமா காத்திருந்தார். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போனபோது நான் அவரிடம் போனேன். தோளைத் தட்டி, "அக்கா மாதிரியே முகம்," என்றார். "வா, வா. ரயில் வந்துரும். படுக்க எடம் இருக்கு. வேலைக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் வரல்ல மாமா."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. "ஏன்டா? பாஸ்போர்ட் இல்லையா?"

"இருக்கு. சிஸ்டர் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுதான் மாமா..."

"குடுத்தா எடுத்துக்கிட்டு வா! அதுக்கு ஏன் நிக்கிற?"

ஃபாதர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். நாளைக்கும் கிழவருக்கு முகம் மழிக்க வேண்டும் என்றேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்கம்மா அங்க நெருப்புல நிக்கிறாடா," என்றார். "அவ கிட்ட நான் என்ன சொல்ல?" அவர் திரும்பிப் போகும்போது நான் பின்னால் ஓடியிருக்கலாம். மற்றவர்கள் நின்ற ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடந்தேன்.

மாலை விடுதிக்கு வந்தபோது சிஸ்டர் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

மறுபடி கிழங்குக்குக் குனிந்துவிட்டார். அவ்வளவுதான். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் என் முகத்தை மறந்துவிடப் போகிற ஒருவர் என்னைத் திருடன் மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, எனக்காக வாசலில் நின்று தேய்ந்துபோன ஒருத்தியின் ஆசையைத் தூக்கி எறிந்திருந்தேன்.

மாத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது பட்டப்பகல். குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன தம்பி, புடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது.

அம்மா பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமா ஏற்கெனவே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்தாள். தொட்டில் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"சோறு சட்டியில இருக்கு," என்றாள்.

பல நாள் அதற்கு மேல் பேசவில்லை. அவள் லயத்தில் எல்லோரிடமும் என்ன சொல்லிவைத்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டதாம். பிடிபட்டவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு, முயற்சி செய்தவன். தானாகத் திரும்பி வந்தவனைப் பெற்றவள் என்று தலைகாட்டத்தான் அவளுக்கு முடியவில்லை. நானும் மறுக்கவில்லை. யாராவது துக்கம் விசாரித்தால் தலையைக் குனிந்துகொள்வேன்.

பிடிபட்டேன் என்ற பேச்சு ஃபாதர் காதுக்கும் வந்திருந்தது, ஆனால் அதைச் சொன்னது அம்மா என்று அவருக்குத் தெரியாது. கலேவெலப் பொடியன் ஓடிப்போனதில் அவருக்குப் பெரிய தலைகுனிவு. ஆயரிடமிருந்து கடுமையாக ஏதோ வந்ததாகச் சொன்னார்கள். அதனால் என்னைக் கொண்டாவது மானத்தை மீட்டுக்கொள்ள நினைத்தார். கோயில் மண்டபத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று வைத்தார். யட்டவத்தயிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெளிநாட்டுத் தொண்டுப் பயணத்தை எப்படிப் பிரயோசனப்படுத்திக்கொள்வது என்று நான் பேச வேண்டும். டீ ஊற்ற வந்திருந்த பெண்களில் அம்மாவும் இருந்தாள்.

ஃபாதர் எழுந்து, முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொன்னார். "இவர யாரும் புடிச்சு அனுப்பல்ல. நிக்கிறதுக்கு எல்லா வசதியும் இருந்திச்சு. குடுத்த வாக்குக்காகத் தானாத் திரும்பி வந்திருக்காரு."

மண்டபத்தில் தலைகள் எல்லாம் பின்பக்கம் திரும்பின. அம்மா டீக் கேத்தலைப் பிடித்தபடி நின்றாள். லயத்துப் பெண் ஒருத்தி, "என்ன அக்கா, புடிச்சாங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டது மேடை வரை கேட்டது. அம்மாவின் காது இரண்டும் சிவந்து போனதை அங்கிருந்தே பார்த்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒருத்தன் எழுந்தான். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நீங்களாவா வந்தீங்க?"

"ஆமா," என்றேன்.

"ஏன்?"

கிழவருக்கு முகம் மழித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, அடக்க முடியாத சிரிப்பு. ஃபாதர்கூட என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார். நான் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கேத்தலை டங்கென்று மேசையில் வைத்தாள். "சிரிக்கிறவங்களுக்கு டீ கெடையாது."

சிரிப்பு அடங்கியது. அவள் கேத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். உண்மையிலேயே அன்று யாருக்கும் டீ கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "என்னயப் பொய்க்காரியாக்கிட்டீங்க, நீயும் ஒன் சாமியாரும்." கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் நான் வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

சில மாதம் கழித்து, வேறெங்கோ குண்டு வெடித்த மறுநாள், ஆமியும் போலீசும் டவுனைச் சுற்றிவளைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்ற தமிழ்ப் பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் ஒருத்தன். மற்றவர்களை ஒவ்வொருவராக விட்டார்கள். என்னை விடவில்லை. காரணம், வீட்டைச் சோதித்து எடுத்த என் பாஸ்போர்ட்டில் இருந்த இத்தாலி முத்திரை.

விசாரித்த அதிகாரி சத்தம் போடாதவர். "எல்லாரும் போகத் துடிக்கிறாங்க," என்றார் சிங்களத்தில். "நீ போய்ச் சேர்ந்தபிறகு திரும்பி வந்திருக்கிறாய். யார் அனுப்பினது? இங்கே உனக்கு என்ன வேலை குடுத்தாங்க?"

மாமா கேட்ட கேள்வி, மண்டபத்தில் கேட்ட கேள்வி. மூன்றாவது தடவையும் என்னிடம் இருந்த விடை அதேதான். ஒரு கன்னியாஸ்திரி, ஒரு கிழவர், ஒரு சவரக்கத்தி. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. "இன்னொரு நல்ல கதையா யோசிச்சு வை," என்று எழுந்து போனார். பிறகு என்னை வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றினார்கள். மாதக்கணக்கில் அந்த மறியலில் இருந்தேன்.

பார்க்க விடுகிற நாளில் எல்லாம் அம்மா வந்தாள். இரண்டு பஸ் மாறி, வெயிலில் வரிசையில் நின்று, சோற்றுப் பார்சலோடு வருவாள். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்வாள் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் காம்பராக் குழந்தைகளைப் பற்றிப் பேசினாள், கூரைத் தகரம் ஒழுகுவதைச் சொன்னாள். ஒரு நாள் நானே கேட்டேன்.

"ஏம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற? திட்டவாவது செய்யேன்."

கம்பிவலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். "நீ உசிரோட இருக்கணும்னுதான் அனுப்புனேன். இருக்கதானே? சோறு ஆறிப் போவுது, சாப்புடு," என்றாள். நான் முகத்தைக் காட்டாமல் சாப்பிட்டேன்.

ஃபாதர் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கினார். எது பலித்தது என்று தெரியாது. ஒரு நாள் குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். வாசலில் அம்மாவும் ஃபாதரும் நின்றார்கள். ஃபாதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் உன்ன..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் பொறவு பேசலாம் ஃபாதர்," என்றாள் அம்மா. "பசிக்குது."

பஸ் ஏறுமுன் பக்கத்திலிருந்த முஸ்லிம் கடை ஒன்றில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடை முழுக்க ஆட்கள். எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்ட கல்லாப் பெரியவர் என் பையையும் வளர்ந்த தாடியையும் பார்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறேன் என்று நினைத்து அன்பாகக் கேட்டார். "தம்பி பயணத்தால வாறாரோ?"

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல நானா. மறியல்ல இருந்து வர்றான்," என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "எம் மகன். ஒரு தப்பும் செய்யல்ல. ரொட்டியும் சம்பலும் குடுங்க, சூடா."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஃபாதர் பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தார். அம்மா ரொட்டியைப் பிய்த்து, சம்பலைத் தொட்டு, பசியோடு சாப்பிட ஆரம்பித்தாள்.